பெயரைப் பாதியில் வெட்டாத ராசம்மா சிஸ்டர்

2001 ஜூலை 10, செவ்வாய்க்கிழமை, மாலை நாலேகால் மணி. சோளக்காடு நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக எட்டுப் பேர் நின்றிருந்தோம். கீழேயிருந்து ஏறி வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடியே சொன்னார்: "ஏனுங்க தம்பி, நம்ம ஊசிக்கார சிஸ்டர் தவறிட்டாங்களாம். மத்தியானம், சேலத்து ஆஸ்பத்திரியிலங்க."

என் வாயில் வந்தது ஒரே கேள்வி. "நாளைக்குப் புதன்கிழமை. யார் ஊசி போடுவாங்க?"

மிளகு மூட்டையோடு நின்ற அம்மாள் என்னை முறைத்தார். பிறகு, "சிஸ்டரும் இதைத்தான் கேட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதார்.

இந்த மலையின் எடப்புளி நாட்டுக்காரர்களுக்கு ராசம்மா சிஸ்டரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளின் இடது தோளில் அவர் போட்ட தழும்பு இருக்கிறது. நான் சொல்ல வந்தது நீங்கள் அதிகம் பார்க்காத சிஸ்டரை. டிவி முன்னால் உட்காரவைத்து, பாஸ்கல் என்ற கணினி மொழியில் என்னைப் புரோகிராம் எழுதவைத்த சிஸ்டரை.

மூன்று வருடத்துக்கு முன், தடுப்பு மருந்து வைக்கும் ஃபிரிட்ஜைப் பழுது பார்க்க முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறினேன். டிப்ளமோ முடித்த சூடு ஆறாத காலம். வேலை முடிந்ததும் சிஸ்டர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு பழைய கணினியைக் காட்டினார். கீபோர்டு மட்டும் இருக்கும். டிவியில் செருக வேண்டும். கோவையில் இருக்கும் அவர் கொழுந்தனார் புதியது வாங்கியதும் இதை இவர் தலையில் கட்டியிருந்தார். கூடவே ஒரு டேப் ரெக்கார்டர், பாஸ்கல் கம்பைலர் பதிந்த ஒரு கேசட். நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித்தருவது அந்தக் கம்பைலர்தான்.

"இதெல்லாம் காலம் போன சாமானுங்க. குழந்தைங்க விளையாடக் கொடுத்துடுங்க" என்றேன்.

"குழந்தைங்களுக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

அவர் கேட்டது இதுதான். ரிஜிஸ்டரில் குழந்தைகள் பிறந்த தேதி வரிசையில் இருக்கின்றன. அவர் நடப்பதோ பாதை வரிசையில். இந்தப் புதன்கிழமை இந்தப் பாதையில் எந்த வீட்டுக் குழந்தைக்கு ஊசி என்று ஒரே பட்டியலாக வேண்டும். ஒதுக்குப்புறத்து வீடுகள் விட்டுப்போகின்றன. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒவ்வொரு செவ்வாயும் போனேன். கம்பைலர் டேப்பிலிருந்து ஏறுவதற்குள் என் உயிர் போய்விடும். கீச்சென்ற சத்தம் வேறு. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் எழுந்து எழுந்து நடப்பேன்.

"ஏன் சாமி, அடுப்புல பாலையா வச்சுட்டு வந்தீங்க? உக்காருங்க. கிழங்கும் உங்க பாஸ்கலும் ஒரே நேரத்துலதான் வேகும்."

மரவள்ளிக்கிழங்கு வேகும்வரை பேசிக்கொண்டிருப்பார். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த ஓடை மழையில் இறங்க விடாது, எந்த மாமியாரிடம் முதலில் நலம் விசாரித்தால்தான் மருமகள் வெளியே வருவாள். நான் காதில் வாங்காத மாதிரி இருப்பேன்.

எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை நினைவகத்தைப் பற்றியது. அந்த மெஷினில் இடம் கொஞ்சம். பெயருக்கு ஆங்கிலத்தில் எட்டெழுத்து போதும் என்று வெட்டிவிட்டேன். முதல் பட்டியல் டிவியில் வந்ததும் சிஸ்டர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பொன்னுசாம்! யாருங்க இது, வெள்ளக்காரனா?"

"பொன்னுசாமிங்க. புரிஞ்சா போதாதா?"

"எனக்குப் புரியும். நாளைக்கு வேற சிஸ்டர் வந்தா? ஊட்டு முன்னாடி நின்னு பாதிப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா எந்தத் தாய் கொழந்தையக் கொண்டாருவா?"

"இடமில்லீங்க சிஸ்டர். மெஷின் தாங்காது."

அவர் டிவித் திரையின் மேல்பகுதியைக் காட்டினார். புரோகிராம் தொடங்கும்போது, பூ வேலைப்பாட்டுக்கு நடுவில் என் பெயர் இனிஷியலோடும் டிப்ளமோவோடும் ஓடும். இரண்டு செவ்வாய் உட்கார்ந்து செய்தது அது. "உங்க பேரு மட்டும் பட்டத்தோட ஊர்வலம் போவுது. புள்ளைங்க பேரு நொண்டுது. அதுக்கு எடம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

கோபத்தோடுதான் அழித்தேன். பொன்னுசாமிக்கு 'மி' கிடைத்தது.

அடுத்த புதன்கிழமை அவரோடு நடந்தேன். காட்டோரம் தனியாக இருந்த வீட்டின் முன் நின்று, டிவியிலிருந்து எழுதிவந்த பட்டியலைப் பார்த்துப் பெயரை முழுதாகக் கூப்பிட்டார். கேழ்வரகுக் கொல்லையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். "எங்க ஊடு ஞாபகம் வந்துடுச்சுங்களா சிஸ்டர்?" இரண்டு முறை விட்டுப்போன குழந்தை அது. ஊசி போட்டதும் வீரிட்டது. "கேட்டீங்களா, உங்க டேப்பு மாதிரியே கத்துது" என்று சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வயிற்றுவலி என்று சேலத்துக்குக் கிளம்பிய அன்றும் பஸ் ஜன்னலிலிருந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "டேப்பு டிவி மேல இருக்குது. மஞ்சு எறங்குது, ஈரம் படாம பாத்துக்கங்க. புதன்கெழமைக்குள்ள வந்துருவேன்."

அவர் வரவில்லை. அந்தப் புதன்கிழமை எந்த வீட்டிலும் ஊசி போடவில்லை. இப்போது புது சிஸ்டர் வந்திருக்கிறார். மலைக்குப் புதியவர், பாதை தெரியாது. டேப் என்னிடம் இருக்கிறது. கிழங்கு வேகும் நேரத்தில் அவர் சொன்னதெல்லாமும் என்னிடம்தான் இருக்கிறது. காதில் விழாமல் இல்லை. ஆகவே:

1. வரும் செவ்வாய் சிஸ்டர் வீட்டில் டேப்பை ஏற்றுவேன். அவர் கணவரிடம் கேட்டுவிட்டேன். "வாங்க, கிழங்கு போட்டு வெக்கறேன்" என்றார்.

2. புது சிஸ்டரையும் வரச்சொல்வேன். டேப் ஏறும்வரை எழுந்து நடக்க மாட்டேன். நாய், ஓடை, மாமியார் எல்லாம் அவருக்குச் சொல்வேன்.

3. விட்டுப்போன குழந்தைகளை மேலே வைத்துப் பட்டியல் எடுப்பேன்.

4. புதன் காலை அவரோடு நடப்பேன். ஒவ்வொரு வீட்டு முன்னும் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.