தொடக்கூடாத லேத்

லேத் என்றால் இரும்பைச் சுழலவிட்டு உளியால் கடையும் இயந்திரம் என்று புத்தகங்கள் சொல்லும். தென்காசியில் எங்கள் தொழிற்பள்ளியில் அது பூட்டிய அறைக்குள் மாலையோடு நிற்கும் பொருள். பட்டறை வாத்தியாராகக் காலம் தள்ளிய சகோதரர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கரும்பலகை இயந்திரம்

ஐம்பதுகளின் கடைசியில் லேத் வந்து இறங்கியது. தலைமையாசிரியர் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நான் கரும்பலகையில் லேத்தை வரைந்து, "இந்தக் கைப்பிடியைச் சுற்றினால் உளி முன்னே போகும்" என்று பாடம் நடத்தினேன். முருகையா என்ற மாணவன் எழுந்து வந்து சாக்பீஸ் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான். செய்முறைத் தேர்வில் தேறினால் அவனுக்கு மில்லில் வேலை. அவனுக்காகச் சாவி கேட்கப் போனேன். தலைமையாசிரியர் சொன்னார்: "பிள்ளைகள் தொட்டா கெட்டுப்போகும்லா வே? நல்லாப் படிச்சு முடிக்கட்டும், பெறகு தொடலாம்."

எண்ணெய்க் குளியல்

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் லேத்தில் துரு ஏறியது. மெஷின் ஆயில் வாங்கலாம் என்றேன். அவரோ நல்லெண்ணெய் வாங்கி, ஆள் வைத்து அழுந்தத் தேய்த்துவிட்டார். பிசினாக இறுகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அருவிப் பக்கம் கை காட்டினார்: "அங்கன வாரவன் எல்லாம் எண்ணெய் தேய்ச்சுத்தான் குளிக்கான். ஒருத்தன் துருப்பிடிச்சுப் பாத்திருக்கீரா?"

பரீட்சை

பரீட்சை அதிகாரி வந்தார். பூட்டு திறந்தது, கைப்பிடி திரும்பவில்லை. எண்ணெய் இறுகிக் கிடந்தது. "லேத் ஓடவில்லை என்றால் யாருக்கும் மதிப்பெண் கிடையாது" என்றார். முருகையா மண்ணெண்ணெய்ப் புட்டியோடு உள்ளே போனான். மற்றவர்கள் ஸ்பானரோடு பின்னால். தலைமையாசிரியர் "ஏலே, தொடாதீங்கலே!" என்று அலற அலறக் கழற்றினார்கள், துடைத்தார்கள், ஒன்றைத் தலைகீழாக மாட்டித் திரும்பவும் கழற்றினார்கள். மதியத்துக்குள் லேத் சுற்றியது. கடைந்த உருளைதான் முருங்கைக்காய் மாதிரி வந்தது. அதிகாரி அதை அளந்து பார்த்துவிட்டு எல்லோருக்கும் தேர்ச்சி போட்டார்: "கடைஞ்சதுக்கு ஒண்ணும் கிடையாது. லேத்துக்கு உயிர் கொடுத்ததுக்குப் போடுறேன்."

மில்லில்

சில மாதம் கழித்துப் பாவூர்சத்திரம் பஸ்ஸில் முருகையாவைப் பார்த்தேன். கறை படாத வெள்ளைச் சட்டை. "மில் லேத் எப்படிப்பா?" என்றேன். "எங்க சார்! தொட்டா மேஸ்திரி ஏசுதாரு. சர்டிபிகேட் வாங்கினவன் கையில அழுக்குப் படலாமான்னு நாற்காலியில உக்கார வச்சிருக்காரு."

நம் ஊரில் தொழில் படிக்காதவன் இயந்திரத்தைத் தொடக்கூடாது, படித்தவன் தொட வேண்டியதில்லை. இடையில் வரும் அந்த ஒரு பரீட்சை நாளுக்காகத்தான் நாம் வருஷம் முழுவதும் சம்பளம் வாங்குகிறோம்.