ரெண்டு விரக்கடைக் குழம்பு

எனக்குச் சமையல் வராது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. ஏனென்றால் காஞ்சிபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அறுபது பெண்களுக்கு நான் ஒரு காலத்தில் சமையல் புலி. அவர்களில் பாதிப் பேர் கைபேசியில் என் பேருக்குப் பக்கத்தில் ஒரு கரண்டிப் படம் போட்டு வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன காஞ்சிபுரத்து மாமி ஒருவர் ஆரம்பித்த வாட்ஸப் குரூப் அது. மாமி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் சட்டதிட்டம் எல்லாம் கறாராக இருக்கும். வீட்டில் செய்ததை மட்டும்தான் போட வேண்டும். யூட்யூபில் பார்த்துப் போட்டது தெரிந்தால் அன்றைக்கே வெளியே. அசைவக்காரர்கள் முதலில் 'அசைவம்' என்று எழுதி, கீழே பத்துப் புள்ளி வைத்து, அதற்கும் கீழேதான் படம் போட வேண்டும். மாமி கண்ணை மூடிக்கொள்ள அவகாசமாம். ஐயம்பேட்டை நெசவுக்காரப் பெண் ஒருத்தி அப்படித்தான் ஒருநாள் நெத்திலித் தொக்கு போட்டாள். உடனே மாமியிடமிருந்து பதில்: "நான் படம் பாக்கலை. ஆனா எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தியோன்னு தோணித்து." ரெண்டு நாள் சிரித்தோம்.

வாரம் ஒருவர் சமையல் குறிப்பு போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லார் வீட்டிலும் அதைத்தான் சமைப்பார்கள். மத்தியானம் அறுபது வீட்டுத் தட்டும் வரிசையாகப் படமாக வந்து இறங்கும்.

என் கதைக்கு வருகிறேன். நான் வாலாஜாபாத் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். கட்டிக்கொண்டது தறிக்காரரை. வீட்டுக்குள்ளேயே தறி, அதிலிருந்து நாலு எட்டு வைத்தால் அடுப்பு. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நான் ஒரு பட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நாள் முழுக்கப் புடவையைப் பிரித்துக் காட்டுவது, மடித்து வைப்பது. வீட்டுக்கு வர எட்டரை ஆகிவிடும். அதுவரை ஏதோ அரைகுறையாக ஆக்கிக்கொண்டிருந்தவள், வேலைக்குப் போன முதல் நாள் அவர் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டுப் போனேன். மகளுக்குக் கல்யாணம் ஆகிப் போயும் அதை நான் திரும்ப வாங்கவில்லை.

அவர் சமையலுக்குக் கடிகாரம் கிடையாது. சட்டியை அடுப்பில் ஏற்றி, மூடி போட்டு, தறியில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு விரல் அகலத்துக்குத் துணி நெய்தால் ஒரு விரக்கடை. "ரசத்துக்கு ஒரு விரக்கடை, குழம்புக்கு ரெண்டு" என்று அவரிடம் ஒரு கணக்கு. நெய்துவிட்டு எழுந்து வந்து மூடியைத் திறந்தால் பதம் அப்படியே நிற்கும். நானும் பெண்ணும் அதைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டோமே தவிர, எப்படி என்று கேட்டதில்லை.

இதை வெளியே சொல்ல எனக்கு வெட்கம். ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார் யாரிடமோ, "எங்கண்ணன அடுப்புல வுட்டுட்டு இவ பவுடர் போட்டுக்கினு கடைக்குப் போறா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அதனால் மாமி என்னைக் குரூப்பில் சேர்த்து, "உங்காத்து ஸ்பெஷல் ஏதாவது போடேன்" என்றதும், காலையில் அவரிடம் ரசம் எப்படி என்று கேட்டேன். அவர் சொன்னதை ஷேர் ஆட்டோவில் போகும்போதே டைப் அடித்தேன். முன்னால் 'என்னோட' என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்தேன். கடைக்குப் போய் இறங்குவதற்குள் முப்பது இதயம்.

அடேயப்பா, அந்தப் பாராட்டு இருக்கிறதே! ரெண்டு வருஷம் அதிலேயே மிதந்தேன். "உன் கைக்குத் தங்க வளையல் போடணும்" என்று மாமி எழுதினார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. யாராவது சந்தேகம் கேட்டால் அதட்டலாகத்தான் பதில் வரும். "கடுகு வெடிக்கறதுக்கு முன்னாடி வெங்காயத்தைக் கொட்டினா எப்படிம்மா வெளங்கும்?" என்று நான், முட்டை வேகவைக்கத் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாத நான், ஊரைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவருக்கு எதுவும் தெரியாது. அவரிடம் இருந்தது பட்டன் போன்.

அப்படியிருக்க ஒரு வாரம் என் முறை வந்தது. அவருடைய எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பைப் போட்டேன். பிஞ்சுக் கத்திரிக்காயை நாலாகக் கீறுவது, மல்லியும் மிளகாயும் எள்ளும் வறுத்து அரைத்து அடைப்பது, நல்லெண்ணெயைத் தாராளமாக விடுவது எல்லாம் அவர் சொன்னபடியே. கடைசி வரியும் அவர் சொன்னதுதான்: 'புளி ஊத்தி, சிம்ல வெச்சி, ரெண்டு விரக்கடை போட்டுட்டு வந்து எறக்கணும்.' எங்கள் வீட்டில் தினமும் காதில் விழுகிற பேச்சு, அதனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை ஐயம்பேட்டைக்காரி கேட்டாள். "யக்கா, ரெண்டு விரக்கடைன்னா உடலா, முந்தியா?"

கடையில் அப்போது கூட்டம். எனக்குத் தெரிந்தது விற்கிற கணக்குதான். புடவையில் உடலைவிட உசத்தி முந்திதான். "முந்திதாம்மா" என்று கெத்தாக அனுப்பிவிட்டு அடுத்த புடவையைப் பிரித்தேன்.

ஞாயிறு மத்தியானம், விரக்கடை புரியாதவர்கள் தங்கள் பதத்துக்கு இறக்கித் தட்டுப் படம் போட்டார்கள். நடுவே கரி பிடித்த சட்டியும் வந்தது. ஒன்று, ரெண்டு, மொத்தம் நாலு, எல்லாமே தறிக்கார வீட்டுச் சட்டி. பின்னாலேயே ஐயம்பேட்டைக்காரியின் குரல்.

"யக்கா, எங்க வூட்டுக்காரரு முந்திதான் போட்டுக்கினு இருந்தாரு. ரெண்டு விரக்கடை ஆனதும் கொரல் குடுங்கன்னு சொல்லிட்டு நான் எதிர் வூட்ல நூலு தார் சுத்தப் போயிட்டேன். உடல்னா கால் மணி நேரம். முந்தில எல்லாமே ஜரிகை, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். எனக்கும் டவுட்டுதான், ஆனா நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நம்பிட்டேன்கா. தறியில உக்காந்தவங்க யாரும் முந்தின்னு சொல்ல மாட்டாங்க. அப்ப ரெண்டு விரக்கடை நெய்ஞ்சிட்டு வந்து சட்டிய எறக்கனது யாருக்கா?"

 அறுபது பேரும் இதைக் கேட்டிருப்பார்கள். எனக்குக் குப்பென்று வியர்த்தது. கூடவே கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பொய்க்காரி என்று பேர் வாங்கிவிட்டு அங்கே எப்படி இருப்பது? குரூப்பை விட்டு வெளியேறினேன்.

பத்து நிமிஷத்தில் மாமி போன். "ஏண்டிம்மா, ஒரு கத்திரிக்காய்க்காக ஓடிப்போறவாளும் உண்டோ?"

"பொய் சொல்லிட்டேன் மாமி. எல்லாம் அவர் சமையல்தான்."

"அது தெரிஞ்சுபோச்சு. அடுத்த ஞாயிறு ஐயம்பேட்டையில எல்லாரும் கூடறோம். அவரையும் அழைச்சுண்டு வா. நாலு சட்டிக்கு அவர்தான் பதில் சொல்லணும்."

இனி அவரிடம் சொல்லாமல் முடியாது. தறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ரெண்டு வருஷக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ஊடை நூல் கோத்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தது. 'முந்தி' என்றதும்தான் நின்றது.

"முந்தின்னா சொன்ன? அய்யய்யோ, கருகிப் போயிருக்குமே!"

"கருகிச்சிங்க. நான் உங்க பேர மறைச்சிட்டேன்னு சொல்லிக்கினு இருக்கேன், உங்களுக்குக் கொழம்புதான் பெரிசா?"

"பின்ன? நாலு சட்டி கத்திரிக்காய்மா" என்றார். நிஜமாகவே அதற்குத்தான் வருத்தப்பட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சொந்த மண்சட்டியைத் துணியில் சுற்றி வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். ஐயம்பேட்டைக்காரி வீட்டு வாசலில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். சுற்றி இருபது பெண்கள், இருபது கைபேசி. பெண்பிள்ளைகள் நடுவே வாயே திறக்காத மனிதர், அன்றைக்குப் பேசினார் பாருங்கள்! எள்ளை ஏன் கடைசியில் வறுக்க வேண்டும், காம்பை ஏன் கிள்ளக் கூடாது, எல்லாம் வந்தது. புளி ஊற்றியதும் அந்த வீட்டுத் தறியிலேயே போய் உட்கார்ந்து உடலில் ரெண்டு விரக்கடை நெய்துவிட்டு வந்தார். மூடியைத் திறந்தால் எண்ணெய் பிரிந்து மேலே மினுமினுவென்று நின்றது. மாமி கையைத் தட்டினார். ஐயம்பேட்டைக்காரி என் தோளை இடித்து, "போவட்டும் வுடுக்கா, அடுத்த வாட்டி பேர மாத்தி எழுதிடு" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமி அவரிடம் கேட்டார். "இத்தனை வக்கணையா சமைக்கறேளே, உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

அவர் குழம்பைப் பிசைந்துகொண்டே, "யாராச்சும் செஞ்சி போட்டா எதுன்னாலும் புடிக்கும் மாமி" என்றார்.

குத்திக் காட்டவில்லை. அவருக்கு அந்தப் புத்தியே கிடையாது. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள், மாமிக்குப் புரையே ஏறிவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பேரைத் திருடியதற்குத்தான் ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக இந்த மனிதருக்கு ஒரு வாய் யாரும் ஆக்கிப் போட்டதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வண்டியில் திரும்பும்போது அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அழுகை வந்தது, அழுதேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் தறியில் உட்கார்ந்ததும் அடுப்படிக்குள் போனேன். உப்புமாதான், அதைவிடச் சுலபமாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ரவை கட்டி கட்டியாக நின்றது. தட்டில் போட்டுக் கொண்டுபோய், "சாப்புடுங்க" என்றேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு முடித்து, "இன்னும் கொஞ்சம் இருக்குதா?" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் ரெண்டு கரண்டி வைத்துவிட்டு, என் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து ஒரு வாய் போட்டேன். உப்பே இல்லை. துளிகூட இல்லை.

"ஏங்க, உப்பே போடல! வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"சொன்னா நீ கோவிச்சிக்கினு கரண்டிய என் கையில குடுத்துடுவ" என்றார் அவர், கடைசிக் கட்டியை வாயில் போட்டுக்கொண்டே.