கருப்புப் பெட்டை

என் கணவர் எந்தப் புறாவைத் தேடிப் போய்ச் செத்தாரோ, அந்தப் புறா அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

சமயநல்லூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் நாலுவழிச் சாலை தெரியும். மாடியில் பாதியை அவருடைய புறாக்கூண்டு அடைத்திருந்தது. காலையில் பறக்கவிடுவதும், பொழுது சாய்வதற்குள் எல்லாம் தானாக இறங்குகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதும்தான் அவருக்குப் பிழைப்பு மாதிரி. எலக்ட்ரீஷியன் வேலையெல்லாம் இடையில் நடக்கும். கோடையில் புறாப் பந்தயம் வரும். அதிக நேரம் வானத்தில் நின்று, இருட்டுவதற்குள் சொந்த மாடியில் இறங்குகிற புறா ஜெயிக்கும். அதற்காகவே கையில் கம்பு ஊட்டி ஒரு கருப்புப் பெட்டையை வளர்த்தார். எனக்கு ஒரு வாய் சோறு ஊட்டியிருப்பாரா அந்த மனுஷன்?

அன்று சாயங்காலம் மற்றதெல்லாம் இறங்கிவிட்டது, கருப்பு மட்டும் இறங்கவில்லை. கண்மாய்க்கு மேலே வல்லூறு ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் எதாச்சும் கம்பத்துல உக்காந்திருக்கும். இந்தா வாரேன்" என்று பைக்கை எடுத்தார். ஹெல்மெட் ஆணியிலேயே தொங்கியது. சாலையைக் கடக்கும்போதும் வானத்தைத்தான் பார்த்திருப்பார். லாரிக்காரனைக் குறை சொல்லி என்ன செய்ய?

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது நான் அழவில்லை, கத்தினேன். "ஒரு புறாவுக்காகவா? போயும் போயும் ஒரு புறாவுக்காகவா போனீங்க?" என்னைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்கள். வீடு திரும்பினால், கூண்டின் மேல் கருப்பு உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. நாங்கள் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்திலேயே வந்துவிட்டதாம்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தங்கள் கலைந்தன. எங்களுக்குப் பிள்ளை இல்லை. துணைக்கு நாத்தனார் மட்டும் தங்கினார், அவருடைய அக்கா. நான் தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டேன். ஜாக்கெட் துணி கொடுத்தவர்கள் வந்து திருப்பி வாங்கிப் போனார்கள். நாள் முழுக்க மாடியிலிருந்து புறாக்களின் முனகல் இறங்கிக்கொண்டே இருந்தது, ஆள் யாரோ வலியில் படுத்திருப்பது மாதிரி. "இது முனகுற வீடு விளங்காதுடி" என்றார் நாத்தனார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கொழுந்தனைக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன்.

"அண்ணன் உசுரா வளத்தது மதினி."

"அந்த உசுரத்தான் வாங்கிருச்சே. கொண்டு போ."

திருநகரில் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். அதன் பிறகு மாடி அடங்கிப்போனது. அது இன்னும் மோசம். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தேன். நாத்தனார் தட்டை வைத்தால் தின்பேன், எடுத்தால் விட்டுவிடுவேன். எதற்குக் காலையில் எழுந்திருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் மறுபடி அந்த முனகல். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஏறினேன். காலிக் கூண்டின் மேல் கருப்பு நின்றது. இடது இறகிலிருந்து நூல் ஒன்று தொங்கியது.

திருநகர்க்காரருக்குப் போன் போட்டால் அவர் நொந்துகொண்டார். "பறந்து பழகுன புறாவ வாங்குனது என் தப்புமா. குஞ்சா இருந்தா இடம் பழகிக்கும். ஒரு மாடியில இறங்கிப் பழகிருச்சுன்னா வேற வீட்ட ஒத்துக்காது. அதான் றெக்கையக் கட்டி வச்சிருந்தேன், கொத்தி அத்துட்டு வந்திருக்கு." திரும்பக் கொடுத்து அனுப்பினேன். திரும்பவும் வந்தது. இரண்டாம் தடவை நூல் இறுகி, இறகடியில் ரத்தம் கட்டியிருந்தது.

கழுத்தைத் திருகிவிடலாம் என்றுதான் பிடித்தேன். கைக்குள் அது கொதித்தது. அதன் நெஞ்சு என் விரல்களில் அடித்தது. இறங்கிப் போய் மிஷின் டிராயரைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்து, மடியில் வைத்து நூலை வெட்டினேன். அவர் போன பிறகு அந்த டிராயரை அன்றுதான் திறந்தேன்.

"புருசனத் தின்ன புறாவுக்கு இரை போடுறியேடி" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். போட்டேன். புண் ஆறியதும் பறக்கவிட்டேன். அது மேலே மேலே போய்ப் பொட்டாகி, கண்ணுக்கு மறைந்து, சாயங்காலம் நேராக என் காலடியில் இறங்கியது. அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் விடியும்முன் தானாக முழிப்பு வந்தது.

கொழுந்தன் ஜோடிக்கு ஒரு சாம்பல் ஆணைக் கொண்டுவந்து கொடுத்தான். விசில் அடிக்கக் கற்றுக்கொண்டேன். "உங்க குக்கர் விசிலுக்கே இறங்குது, பரவால்ல மதினி" என்று கேலி பேசினான். தாலி அறுத்தவள் மாடியில் நின்று விசில் அடிக்கிறாள் என்று தெருவில் பேச்சு வந்தது. வரட்டுமே. பந்தயத்துக்குப் பேர் கொடுக்கச் சொன்னேன், அவர் பேரை அல்ல, என் பேரை. மிஷின் உறையைக் கழற்றி, புறா வானத்தில் நிற்கும் நேரமெல்லாம் தைத்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நான் சந்தோஷமாக இருந்தேன். ஆனாலும் பொழுது சாயும்போது மிஷினை விட்டு மாடிக்கு ஓடிவிடுவேன். சாலையில் லாரி பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டால் கையில் இருப்பது கீழே விழுந்துவிடும்.

பந்தயம் நெருங்கிய சமயம், காற்று ஒரு தினுசாக வீசிய நாள். மற்ற மாடிகளில் எல்லாம் புறா இறங்கிவிட்டது. கருப்பைக் காணோம். கண்மாய்ப் பக்கம் காக்கைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு கிளம்பின. அவற்றுக்கு மேலே அகல இறகோடு ஒன்று, அவசரமே இல்லாமல் சுற்றியது. கம்பு டப்பாவைக் குலுக்கினேன். தன் ஜோடி தெரியட்டும் என்று சாம்பல் ஆணைத் தூக்கிப் பிடித்துப் படபடக்கவைத்தேன். விசில் அடித்து அடித்து உதடு காய்ந்துவிட்டது. சாலையின் அந்தப் பக்கம் கம்பங்கள் கருத்துக்கொண்டு வந்தன. ஒரு கம்பத்தில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது.

தானாக வந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தெரிந்துகொண்டே படியிறங்கினேன். அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும்.

என் ஸ்கூட்டரை வெளியே தள்ளும்போது நாத்தனார் ஓடிவந்து கேட்டை மறித்தார். முகம் வெளிறியிருந்தது. "ஒரு புறாவுக்காகவாடி?"

உள்ளே போய் ஆணியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன். எனக்கு அது பெரிசு. வாரை இழுத்து இறுக்கினேன்.

"இந்தா வாரேன்" என்றேன்.