எத்தனை கிட்?

ராயபுரம் தோல் கிடங்கில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, தோல்களைத் தரம் பிரிக்கும் ஒருவர் அங்கே இருந்தார். ஒல்லியான மனிதர். பட்டைச் சாயம் ஏறிச் சிவந்த விரல்கள். கண்ணை மூடித் தடவியே ரகம் சொல்லிவிடுவார். ஆட்டுக்குட்டித் தோலுக்கு அங்கே ‘கிட்’ என்று பெயர். அவருக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அதுதான்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் என்று நினைவு. புதிதாக வந்திருந்த துரை ஒருநாள் காலை அவர் முன்னால் நின்று, “எத்தனை கிட்ஸ்?” என்று இங்கிலீஷில் அன்பாகக் கேட்டார்.

அவர் பக்கத்திலிருந்த தோல்கட்டைக் காட்டி, “நூத்தி இருபது கீது தொரை” என்றார்.

நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் துரை விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

“உனக்குப் புள்ளைங்க எத்தினின்னு கேக்கறாரு” என்றேன்.

அவர் தோலிலிருந்து கையை எடுத்தார். “ஒண்ணு கீது சார். பெரியவள நேத்து சாயங்காலம் பொதச்சோம். வாந்திபேதி.”

துரை என்னைப் பார்த்தார். “ஒன்று” என்று மட்டும் சொன்னேன். துரை தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

“புள்ளைக்கும் தோலுக்கும் ஒரே பேருதானா சார்?”

“அவங்க பேச்சுல அப்படித்தான்.”

அவர் மறுபடியும் தோலில் கை வைத்தார். சாயங்காலம் வரை வேலை செய்தார். முழுசாகச் சொல்லியிருந்தால் துரை அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். நான் ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.