ஓலை எடுத்த கை

மாதகலுக்கு மேற்கே உள்ள எங்கள் கரையில் மீன் பட்டாலும் ஆண்டவர் சித்தம், படாவிட்டாலும் ஆண்டவர் சித்தம். சுவாமியார் பூசைக்குப் பிந்தி வந்தாலும் அதே சித்தந்தான். இந்தச் சொல்லை ஊரில் அதிகம் சொன்னவர் கோயில் மூப்பராயிருந்த என் ஐயா கனிசியஸ்.

கைத்தான் என்கிற என் அண்ணையை, முனைப்பாடு என்கிற பாறைக்கடலில், கடல் கொண்டுபோனபோதும் அவர் அழவில்லை. தந்தவர் எடுத்தார் என்றார். அதற்குப் பிறகு அம்மா அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று நானும் மனதுக்குள் திட்டினேன்.

கரைவலை இழுக்கிற கடலைப் பாடு பாடாகப் பிரித்து, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் கோயில் வாசலில் சீட்டு எடுப்பார்கள். பாட்டின் பெயர் எழுதிய ஓலை நறுக்குகள் குடத்தில் கிடக்கும். வலைக்காரர் பெயரைச் சொல்லி மூப்பர் ஒவ்வொன்றாய் எடுப்பார். கைதான் மூப்பருடையது, கொடுப்பவர் ஆண்டவர். வந்த பாடு எதுவானாலும் வருஷம் முழுக்க அதுதான். முறுமுறுத்தவர் கிடையாது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டுச் சீட்டில் கடைசியாக இரண்டு வலைகள் மிஞ்சின. ஒன்று எங்களுடையது; அந்தத் தோணியில் போகிறவன் நான். மற்றது அயல்வீட்டு லூர்த்தம்மா அக்காவின் புருஷன் யுவானிப்பிள்ளையுடையது. குடத்தில் மிஞ்சிய ஓலைகளும் இரண்டு: அமைதியான கோயிலடிப்பாடு, பாறை நிறைந்த முனைப்பாடு. எங்கள் பெயரைச் சொல்லி ஐயா கையை விட்டார். கொஞ்சம் தாமதித்தார். கோயிலடி வந்தது.

ஐப்பசியில், முதல் வாடைக்காற்றில், யுவானிப்பிள்ளையின் தோணி முனையில் அடிபட்டு உடைந்தது. அவரைப் பிரேதமாகத்தான் கொண்டுவந்தார்கள். லூர்த்தம்மா அக்காவுக்கு அப்போது வயிற்றில் நாலாவது பிள்ளை. செத்தவீட்டில் அவர் ஐயாவின் முன்னால் வந்து நின்றார்.

"கனிசியஸ் அண்ணை, அண்டைக்கு உங்கடை கையைப் பிடிச்சது ஆண்டவர்தானே?"

ஐயா நிலத்தைப் பார்த்தபடி, "ஓம் பிள்ளை" என்றார்.

அந்த ஒரு சொல்லை ஊன்றித்தான் அக்கா எழுந்து நடந்தார், நாலு பிள்ளைகளையும் வளர்த்தார். ஐயா அந்த மாதமே மூப்பர் வேலையை விட்டார். நற்கருணை வாங்கவும் போகவில்லை. வயசு போய்விட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

நாற்பத்தாறில், சாகக் கிடந்தபோதுதான் எனக்குச் சொன்னார். முனை ஓலையின் மூலையை முதலிலேயே நகத்தால் கிள்ளி வைத்திருந்தாராம். விரலில் அந்தக் கிள்ளல் தட்டுப்பட்டதும் மற்றதை எடுத்தாராம்.

"கைத்தானைக் குடுத்தன். உன்னையும் குடுக்க ஏலாமல் போச்சு. சுவாமியார் இண்டைக்குப் பாவமன்னிப்புத் தந்திட்டார். லூர்த்தம்மாவுக்குத்தான் சொல்லேல்லை. சொன்னால் அவளுக்கு என்ன மிச்சம்? நான் செத்தாப்பிறகு என்ரை வலக்கையிலை செபமாலை சுத்தாதை."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. என்னைக் கேளாமல் இன்னொருவன் உயிரை எடுத்து என் தலையில் வைத்துவிட்டுப் போகிறாரே என்று இருந்தது. அன்று பின்னேரமே அவர் மூச்சு நின்றது.

பெட்டியை மூடுகிற நேரம் லூர்த்தம்மா அக்கா வந்தார். ஐயாவின் வெறுங்கையைக் கண்டு என்னைக் கடிந்துகொண்டார். தன் கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றி அந்த வலக்கையில் மூன்று சுற்றுச் சுற்றினார்.

"ஆண்டவர் பிடிச்ச கையடா இது" என்று சொல்லி, குனிந்து அதை முத்தமிட்டார்.

நான் பெட்டியை அப்படியே மூடச் சொன்னேன்.