முட்டியளவு ஜன்னல்கள்

உள்ளே காலெடுத்து வைத்த சாய்கல் வாசலிலேயே நின்றுவிட்டாள். பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது! நாரின் என்ற அந்தக் குளிர்ந்த மலையூரிலேயே வெளிச்சமான கட்டடம் என்று அவள் வரைந்து கட்டிய பாலர் பள்ளி, திறந்த ஒரே வாரத்தில் குகையாகிக் கிடந்தது.

குழந்தைகள் படுத்துக்கொண்டே ஆற்றைப் பார்க்கட்டும் என்று முட்டியளவில் வைத்த ஜன்னல்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கம்பளிக் கம்பளம் தொங்கியது.

"தாய்மாருங்க குடுத்தது," என்றாள் தலைமை ஆசிரியை குல்பாரா, பெருமை தாங்காமல். "கண்ணாடிகிட்ட உக்காந்தா புள்ளைங்களுக்குக் குளிர் புடிச்சுக்கும்ல?"

"அக்கா, அது மூணடுக்குக் கண்ணாடி! குளிர் உள்ள வராது."

"நீ படிச்சவ, உனக்குத் தெரியும். குளிருக்குத் தெரியுமா?"

சிறுவயதில் சாய்கல் போன பாலர் பள்ளியில் ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருந்தன. வெளியே பனி விழுவதை டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொள்வாள். அந்த ஒரு ஆத்திரத்தில்தான் தலைநகர் பிஷ்கெக் போய்க் கட்டடக்கலை படித்தாள். "இது பள்ளிக்கூடமா, சல்லடையா?" என்று சிரித்த அதிகாரிகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றாள்.

பெரிய வட்ட ஜன்னலை மறைத்திருந்த சிவப்புக் கம்பளத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் அம்மா ரபியா கம்பளித் துண்டுகளை இணைத்துத் தைத்தது. அம்மா பக்கத்தில்தான் நின்றாள்.

"அம்மா, நீயுமா?"

"ஊரே குடுக்குது. கட்டினவளைப் பெத்தவ வெறுங்கையோட நின்னா மானம் போயிடாதா?"

கழற்றச் சொன்னால் அத்தனை தாய்மார் முகத்திலும் அடித்த மாதிரி.

அப்போது சாப்பாட்டு அறையிலிருந்து ஆயா அலறினாள். "ஐயோ, சின்னப் புள்ளைங்க நாலஞ்சு பேரைக் காணோம்!"

கீழே ஆறு. குல்பாரா வாசலுக்கு ஓடினாள். ரபியா நெஞ்சில் கைவைத்தபடி சுவரில் சாய்ந்தாள். அவள் சாய்ந்த சிவப்புக் கம்பளம் கிளுக்கென்று சிரித்தது.

ஓரத்தைத் தூக்கினாள். ஜன்னல் திண்டில், வெயிலில், காணாமல் போன அத்தனை பேரும் ரொட்டியும் ஜாமுமாகக் குவிந்து கிடந்தார்கள்.

"மூடு பாட்டி!" என்று கத்தினாள் ஒரு குட்டிப்பெண். "வெளிச்சம் வெளிய போயிடும்!"

ரபியா கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். "அடியே சாய்கல், வெதுவெதுன்னு இருக்குடி!" உடனே கம்பளத்தைக் கழற்றக் கை நீட்டினாள். உள்ளே ஒரே ஒப்பாரி.

சாய்கல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மத்ததையெல்லாம் தரையில விரிச்சுக்கலாம். இதை மட்டும் விட்டுடும்மா."