மண்கும்பானில் ஒரு முகமூடி

எங்கள் வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்கு அண்ணா ஒரு குறும்படம் எடுத்தார். மண்கும்பானில் திருட்டு மணல் ஏற்றுபவர்களை ஒரு முகமூடி மனிதன் தனியே நின்று அடித்துத் துரத்துகிற கதை. ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் என் பொறுப்பு. இலத்திரனியல் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இப்படித்தான் எல்லாம் தலையில் விழும்.

சின்னம்மாவின் மகளுக்குக் கிடைத்தது கடத்தப்பட்ட தங்கை வேடம். அவளுக்கோ முகமூடிதான் வேண்டும்.

“அண்ணை, அடிக்கிறதும் ஆம்பிளை, அடிவாங்கிறதும் ஆம்பிளை. கதிரையில கட்டி வைக்க நான் இருந்து கத்தவோ?”

“அது முக்கியமான பாத்திரமடி. நீ இல்லாட்டிக் கதையே இல்லை.”

“அப்ப அந்தக் கதிரையின்ர பேரையும் போடுங்கோ. எனக்கு ஏலாது.”

நான் அவள் பக்கம். இவ்வகைப் படங்களை நிறையப் பார்த்து, மனதுக்குள் வகைபிரித்து வைத்திருந்தேன். நீதி கேட்டு அடிப்பவன் எப்போதும் ஆண். அவனுக்குக் கோபம் வருவதற்காகவே ஒரு பெண் துன்பப்படுவாள். கறுத்தவர்கள் வில்லனின் கையாட்கள். எங்களைப் போல இலங்கைத் தமிழர் ஒருவர் தப்பித்தவறி வந்தால் அழுவார், அல்லது கடத்தல் செய்வார். இரண்டையும் இங்கே ஒருவரும் பேசாத தமிழில் செய்வார்.

இதையெல்லாம் அண்ணாவிடம் ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. சுருவிலில் இருந்து, உடற்பயிற்சியால் தோள் பெருத்த ஒரு தம்பியைக் கூட்டி வந்தார்.

ஞாயிறு காலை அவன் கடற்கரை வீதியில் கறுப்புத் துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். நான் ஒலிவாங்கியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பா, அதாவது தங்கை வேடம் வேண்டாம் என்றவளின் அப்பா, சைக்கிளில் வந்து இறங்கினார்.

“டேய், நீ சுருவில் தபால்காரற்ற பெடியன் எல்லே? ஏன்ரா மூஞ்சையைக் கட்டியிருக்கிறாய், பல்லுக்கொதியோ?”

“இல்லை ஐயா, நடிக்கிறன்.” துணிக்குள்ளிருந்து பணிவான குரல் வந்தது.

“கொப்பர் தபால்காரர் நிக்கிற மாதிரியே நிக்கிறாய். இதில மூடுறதுக்கு என்ன கிடக்கு?”

அந்நேரம் வேலணைப் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. வெயிலில் வேலைக்குப் போய்வரும் எங்கள் பெண்கள் எல்லாரையும் போல ஓட்டி வந்தவளுக்கும் தலைக்கவசம், முகத்தைச் சுற்றிய சால்வை, கறுப்புக் கண்ணாடி, முழங்கை வரை கையுறை. சித்தப்பா மரியாதையாகச் சைக்கிளை ஓரத்துக்கு இழுத்தார்.

“ஆரோ வங்கியில வேலை செய்யிற பிள்ளை போல,” என்றார் எங்களிடம்.

ஸ்கூட்டர் நின்றது. கண்ணாடி கழன்றது.

“அப்பா, நான்தான்.”

பெற்ற அப்பாவுக்கே ஆளைத் தெரியாமல் போனதை அண்ணா கண்டார். பிறகு தம்பியின் முகத்துணியை அவிழ்த்து, “நீ மணல் ட்ராக்டரில ஏறு. நீதான் கள்ளன்,” என்றார்.

வசனத்தை நான் குறைத்தேன். அண்ணா எழுதிய நீண்ட சபதங்கள் அந்தக் காற்றில் பதிவாகாது. அவள் ஸ்கூட்டரை வீதிக்குக் குறுக்கே நிறுத்தி இறங்கினாள். கையுறையை இழுத்துவிட்டபடி, “எடுத்த இடத்திலயே கொண்டுபோய்க் கொட்டும்,” என்றாள்.

கதைப்படி தம்பி பாய்ந்து அடிக்க வேண்டும். அவனோ, “ஓம் அக்கா,” என்று ட்ராக்டரைப் பின்னுக்கு எடுத்துவிட்டான்.

அண்ணா தலையில் கைவைத்தார். நான் தொகுக்கும்போது அதை அப்படியே வைத்தேன். ஆகவே படத்தில் ஒரு அடிகூட இல்லை. விழாவன்று அதை யாரும் குறைசொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்பிள்ளைகள் மட்டும் திரும்பவும் போடச் சொல்லிக் கத்தினார்கள். திரும்பவும் போட்டோம்.